கிங்டம் டிரெயில்ஸ்: உரிமையாளர்களின் இசைவில் நீளும் பாதைகள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஈஸ்ட் பர்க் என்ற சிற்றூரைச் சுற்றி 160 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கிங்டம் டிரெயில்ஸ், மலை சைக்கிள் ஓட்டுவோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் இடம். டார்லிங் குன்றின் காடுகளுக்குள் வளைந்து இறங்கும் பாதைகளில், புதியவர்களுக்கும் தேர்ந்தவர்களுக்கும் ஏற்றவை உண்டு, பராமரிப்பும் சிறப்பு.

1994-இல் தொடங்கிய இந்த இலாப நோக்கற்ற அமைப்பின் பாதைகள் பெரும்பாலும் தனியார் நிலங்களின் வழியே, உரிமையாளர்களின் நல்லெண்ணத்தால்தான் செல்கின்றன. வருகையாளர் பெருகியதால் விடுதிகளும் உணவகங்களும் செழித்தன என்பதால் பலர் ஆதரித்தாலும், குறுகிய ஊர்ச் சாலைகளின் நெரிசலும் சில சைக்கிள் ஓட்டிகளின் மரியாதைக் குறைவும் மனக்கசப்பை வளர்த்தன. 2019 டிசம்பரில் மூன்று உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் சைக்கிள்களுக்கு அனுமதியை விலக்கிக்கொண்டபோது, டார்லிங் குன்றின் முக்கியப் பாதைகள் சில கைவிட்டுப் போயின. அவர்களை நான் குறை கூறமாட்டேன். பல்லாண்டுகள் கட்டணமின்றி வழிவிட்டவர்கள் அவர்கள்.

செல்பவர்கள் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். சாலையில் வரிசையாக ஓட்டுங்கள். குதிரையில் வருபவர்களைக் கண்டால் நின்று வழிவிடுங்கள்.