வடகம் காயவைத்ததால் செல்லாமல் போன உத்தரவாதம்

மயிலாடுதுறை வீட்டு மொட்டைமாடிக்கு ஒழுகாத பூச்சு அடித்துக் கொடுத்த நிறுவனம், 10 வருட உத்தரவாதத்தை முதல் ஐப்பசி மழையிலேயே கைகழுவிவிட்டது. அவர்கள் சொன்ன காரணம், அம்மா மாடியில் வடகம் காயவைத்தாராம். உத்தரவாதத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் அந்த நிபந்தனை இருக்கிறது. மாடியில் நடமாட்டம் இருந்தாலோ, எதையாவது உலர்த்தினாலோ உத்தரவாதம் செல்லாது. தமிழ்நாட்டில் மொட்டைமாடி வைத்திருக்கிற ஒரு வீடாவது இந்த நிபந்தனைக்குள் அடங்குமா? வடகம், மிளகாய், புளி, துவைத்த துணி, கோடை இரவில் பாய் விரித்துப் படுக்கை, எல்லாம் அங்கேதானே!

எங்கள் வீட்டின் முன்பக்கம் தாத்தா காலத்துச் சீமை ஓடு. பின்பக்கம் 1988-இல் அப்பா எடுத்த கான்கிரீட் தளம். பூச்சு அடித்தது பின்பக்கத்துக்கு, சதுர அடிக்கு 55 ரூபாய். நான் டொரொண்டோவிலிருந்து பணம் அனுப்பினேன். வைகாசியில் வேலை முடிந்தது. ஐப்பசியில் ஊருக்குப் போனபோது படுக்கையறை மூலையில் வாளி வைத்திருந்தார் அம்மா. அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

புகார் சொன்ன பிறகு ஒருவர் வந்தார். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. ஒழுகிய இடத்தைக் கீழிருந்து ஒரு படம் எடுத்தார். "மேல வந்து பாருங்க சார்" என்று நான்தான் அழைத்துப் போனேன். மாடிக் கதவு வரைக்கும் வந்தவர் வெளியே கால் வைக்கவில்லை. கைப்பிடிச்சுவர் ஓரமாக அம்மா வடகத் துணிக்குப் பாரம் வைத்திருந்த செங்கற்களை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது! கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல், மறுபடியும் புகார் எண், மறுபடியும் முதலிலிருந்து கதை. வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லும்போது எவ்வளவு ஆத்திரம் வரும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

டொரொண்டோவில் எங்கள் கூரை ஆஸ்பால்ட் ஷிங்கிள், அதாவது ஆணியடித்துப் பதிக்கிற மெல்லிய தார் அட்டை. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான். 15 முதல் 25 வருடம் வரை உழைக்கும். மாற்ற வேண்டிய வேளை வந்தபோது, விலை சொல்ல வந்தவர் ஏணியைப் போட்டு முதலில் கூரைமேல் ஏறினார். அப்புறம்தான் பேச்சே. காலையில் வந்த ஆட்கள் பழையதைப் பிரித்துப் புதியதைப் போட்டு, இருட்டுவதற்குள் புல்வெளியில் காந்த உருளையை உருட்டிச் சிதறிய ஆணிகளைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயும் உத்தரவாதத்தில் நிபந்தனை உண்டுதான். கூரைக்கு அடியில் இருக்கிற அட்டிக் என்ற பரண் வெளியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் செல்லாது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வீட்டுச் சூடு மேலே ஏறிக் கூரைப் பனியை உருக்கும். உருகிய தண்ணீர் விளிம்புக்கு வந்து மறுபடி உறைந்து அணையாக நிற்கும். பின்னால் தேங்குவது ஷிங்கிளுக்கு அடியில் புகுந்து வீட்டுக்குள் ஒழுகும். அது கூரை கெடுகிற காரணத்தோடு சம்பந்தப்பட்ட நிபந்தனை. வடகத்துக்கும் ஒழுகலுக்கும் என்ன சம்பந்தம்?

இதற்குப் பதில் எனக்கு ஒரு கொத்தனாரிடம் கிடைத்தது. பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்தவரை அம்மாதான் கூப்பிட்டு அனுப்பினார். வயது எழுபதை நெருங்கும். வந்ததும் ஒழுகுகிற அறைக்குப் போகாமல் நேராக மாடிக்குப் போனார். தண்ணீர் இறங்கும் குழாய் வாய்களைச் சாக்குத் துணியால் அடைத்தார். மாடியைச் சிமெண்ட் வரப்பு கட்டி இரண்டு பாத்தியாகப் பிரித்து, முதலில் ஒரு பாத்தியில் மட்டும் தண்ணீர் கட்டினார். மறுநாள் வரைக்கும் அது நின்றது, கீழே சொட்டு விழவில்லை. அடுத்த பாத்தியில் கட்டினார், கொஞ்ச நேரத்திலேயே மூலை நனைந்தது. தரைக்கும் கைப்பிடிச்சுவருக்கும் நடுவில் விரிசல். அதில் ஓர் அரசங்கன்று வேர்விட்டிருந்தது, பூச்சுக்காரர்கள் அதன் மேலேயே வெள்ளையடித்துவிட்டுப் போயிருந்தார்கள்!

"தம்பி, மேல பெயிண்ட் அடிச்சா ஆச்சா? ஓட்டுக்கு அடியில நிக்கிற தண்ணி எங்க போவும்?" என்றார்.

அவர் காட்டிய பிறகுதான் எல்லாம் விளங்கியது. தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். பல வருட ஒழுகலில் அந்த ஜல்லி ஊறிக் கிடந்தது. ஈரம் காயாமல் மேலே பூச்சு அடித்ததால், வெயிலில் உள்ளிருந்து எழும்பிய ஆவி பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிட்டது. கொப்புளம் வெடித்த இடத்தில் மழை இறங்கியது. போதாததற்கு வாட்டமும் சரியில்லை. குழாய் வாய்க்கு ஓட வேண்டிய தண்ணீர் சுவரோரமாகவே தேங்கியது. பூச்சு மருந்தை நான் குறை சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்த தளத்தில், விரிசலை அடைத்துவிட்டு அடித்தால் 4, 5 வருடமாவது தாங்கும், வெள்ளை நிறம் சூட்டையும் குறைக்கும். ஆனால் மாடிக்கே ஏறாதவர்கள் விற்றால் எந்த மருந்தும் நிற்காது.

கொத்தனார் அந்த ஓரத்தை மட்டும் ஓட்டோடு பெயர்த்தார். கன்றை வேரோடு கிள்ளி எடுத்தார். மழை விட்ட இடைவெளியில் காயவிட்டு, இரவில் தார்ப்பாய் போட்டு மூடினார். விரிசலை அகலமாக வெட்டி, நீர்த்தடுப்பு மருந்து கலந்த கலவையால் அடைத்தார். தரையும் சுவரும் சேருகிற மூலையைக் கூராக விடாமல் வளைத்துப் பூசினார். ரசமட்டம் வைத்து வாட்டம் பார்த்து ஓடு பதித்தார். கீழே அறைக் கூரையில் பெயர்ந்திருந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்தபோது கம்பி சிவந்து கிடந்தது. துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கும் பெயிண்ட் அடித்துப் பூசினார். கான்கிரீட் தளம் 50 வருடம் உழைக்கும் என்று கணக்குப் பண்ணித்தான் கட்டுகிறார்கள். தண்ணீர் கம்பியைத் தொடுகிற அன்றைக்கு அந்தக் கணக்கு போய்விடும். மேலே இருக்கிற தட்டோட்டை 10, 15 வருடத்துக்கு ஒருமுறை பார்த்துப் புதுப்பிப்பதும், ஆடி முடிவதற்குள் குழாய் வாயில் அடைத்த சருகை அள்ளுவதும்தான் அதற்கு மருந்து. மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம், போட்ட பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கும் அவர் ஒன்று சொன்னார். ஒழுகுகிறது என்று அதன்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவிடும். தேக்குச் சட்டம் சுவருக்குள் நுழைகிற நுனி உளுத்துப்போவது அதனால்தான்.

மாட்டுக்கொட்டகைக்கு முன்பு கீற்று வேய்வோம். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து ஆஸ்பெஸ்டாஸ் போட்டார் அப்பா. அந்த நார் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று கனடா 2018-இல் தடை போட்டுவிட்டது. ஆனால் 2011-இல் சுரங்கங்களை மூடும்வரை கியூபெக் மாகாணத்திலிருந்து இந்தியாவுக்கு அதை ஏற்றுமதி செய்துகொண்டுதான் இருந்தார்கள். நான் வரி கட்டுகிற நாடு இதைச் செய்தது என்று நினைக்கும்போது மனசு கொதிக்கிறது. வீட்டில் அந்த ஷீட் இருந்தால் துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள். கழற்றுவதென்றால் நனைத்துவிட்டு முழு ஷீட்டாக இறக்குங்கள்.

முன்பக்கத்து ஓட்டு வீட்டைத்தான் இந்தப் பயணத்தில் சரிபண்ண முடியவில்லை. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய சூளையிலிருந்து பரவிய ஓடு அது. ஓட்டுக்கு வயதே ஆகாது என்று தாத்தா சொல்வார். ஓட்டைவிட அதைத் தாங்குகிற ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டமும் கைமரமும்தான் முதலில் போகும். அதனால்தான் வருடா வருடம் ஆனியில் ஆள் வந்து, உடைந்ததை மாற்றி, இரண்டு கூரைச் சரிவும் சேருகிற கூடல்வாயில் சேர்ந்த வேப்பஞ்சருகை அள்ளி, செல் அரித்த ரீப்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அந்த ஆள் இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள். குரங்குகள் உடைத்த ஓடுகளுக்குப் பதில் வாங்கலாம் என்றால், ஒரு சூளை ஓடு இன்னொரு சூளை ஓட்டோடு பல் சேராது. இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடைகளில் அலைந்து, பின்பக்க முத்திரை பொருந்துகிற ஓடுகள் கொஞ்சம் கிடைத்தன. அடுக்கித் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். ஏறி மாற்ற ஆள் வேண்டும். கொத்தனார், "ஓட்டு மேல நடக்கிற வயசு போயிட்டுது தம்பி" என்று சொல்லிவிட்டார்.

பூச்சு நிறுவனத்தை நான் விடப்போவதில்லை. வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் இணையம் வழியாகவே மனுப் போடலாம். ரசீது அம்மா பெயரில் இருப்பதால் மனுவும் அவர் பெயரில்தான். அரசங்கன்று படம், கொப்புளம் வெடித்த படம், உத்தரவாதத் தாளின் இரண்டு பக்கம், தீர்க்கப்பட்டது என்று வந்த குறுஞ்செய்தி, எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். தை பிறந்ததும் அம்மா கையெழுத்துப் போடுவார்.