ஸ்விஃப்ட் ஸ்ட்ரக்டும் இனிஷியலைசரும்: எட்டு வருடம் புழங்கிய அனுபவம்

2017 முதல் ஐபோன் ஆப்களை ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில்தான் எழுதுகிறேன். அதற்கு முன் பழகியது சி மொழி. அங்கே ஒரு ஃபங்ஷனுக்குள் ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வகை) அறிவித்து மதிப்பு வைக்க மறந்தால் உள்ளே குப்பைதான் இருக்கும். ஸ்விஃப்டில் அது நடக்காது. ஸ்ட்ரக்டை உருவாக்கும் இனிஷியலைசர் முடிவதற்குள் எல்லா ஸ்டோர்டு ப்ராப்பர்ட்டிக்கும், அதாவது அதில் மதிப்பைச் சேமிக்கும் ஒவ்வொன்றுக்கும், மதிப்பு வந்துவிட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கம்பைல் ஆகாது; கோடை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் பிழை காட்டி நிறுத்திவிடும்.

முதல் வருடம் இந்தக் கண்டிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. கம்பைலரின் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: எதற்கும் ஒரு டிஃபால்ட் மதிப்பு, அதாவது நாம் எதுவும் தராவிட்டால் தானாக வருவது. அதற்கான விலையை ஒரு பில்லிங் ஆப்பில் கொடுத்தேன். ஆர்டர் ஸ்ட்ரக்டில் டெலிவரி கட்டணம் என்று புதிதாக ஒரு வேரியபிள் சேர்த்ததும், ஆர்டரை உருவாக்கும் பன்னிரண்டு இடங்களில் பிழை. சரி, சுழியம் என்று வைத்துவிடுவோம் என்று வைத்தேன். ஸ்விஃப்ட் 5.1 முதல், டிஃபால்ட் உள்ள வேரியபிளை மெம்பர்வைஸ் இனிஷியலைசரில் (ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் மதிப்பு வாங்கும்படி ஸ்விஃப்டே தானாகத் தருவது) தராமலே விடலாம். பன்னிரண்டு பிழையும் மறைந்தன. பழைய ஆர்டரைத் திரும்ப எடுக்கும் இடத்தில் கட்டணத்தைக் கொடுக்க மறந்ததும் சேர்ந்தே மறைந்தது. இரண்டு வாரம் பில்லில் டெலிவரி கட்டணமே ஏறவில்லை. கடைக்காரர் கணக்குப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. டிஃபால்ட்டை எடுத்தேன். கம்பைலர் அந்தப் பன்னிரண்டு இடங்களையும் வரிசையாகக் காட்டியது. அரை மணி நேர வேலை.

மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் ஆப்ஷனலிலும் இதே வழுக்கல் உண்டு. வேரியபிளாக இருந்தால் தானாகவே நில், அதாவது மதிப்பில்லை, என்று ஆகிவிடும். மாறிலியாக, லெட் என்று அறிவித்தால் அப்படி ஆகாது, மதிப்பைக் கேட்கும். அதனால் முடிந்தவரை லெட்தான் போடுகிறேன்.

அப்புறம், ஸ்ட்ரக்டுக்குள் சொந்தமாக ஒரு இனிஷியலைசர் எழுதினால் இலவசமாகக் கிடைக்கும் மெம்பர்வைஸ் போய்விடும். அதையே ஸ்ட்ரக்டுக்கு வெளியே அதை நீட்டிக்கும் எக்ஸ்டென்ஷனில் எழுதினால் இரண்டும் இருக்கும். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் எத்தனையோ வரிகள் மிச்சமாகியிருக்கும்.

இன்றும் குறையாகத் தோன்றுவது ஒன்றுதான். ஸ்ட்ரக்டைப் பப்ளிக் ஆக்கினாலும், அதாவது மற்ற மாட்யூல்களுக்கும் (தனியாகக் கட்டப்படும் கோடு தொகுப்பு) திறந்துவிட்டாலும், அந்த மெம்பர்வைஸ் பப்ளிக் ஆகாது. வேறு மாட்யூலிலிருந்து கூப்பிட, இருபது ப்ராப்பர்ட்டி இருந்தால் இருபதுக்கும் செல்ஃப் புள்ளி போட்டு மதிப்பு வைக்கும் இனிஷியலைசரைக் கையால் எழுதுகிறேன். போன வாரம்கூட எழுதினேன்.