டாப்சோனியனா, ரிஃப்ராக்டரா, மக்சுடோவா?

"தொலைநோக்கி வாங்கலாம்னு இருக்கேன், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுவதை வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும், பரணில் கிடக்கும் என் முதல் தொலைநோக்கியின் பெட்டியை எடுத்துக் காட்டிவிடுவேன். 60 மி.மீ. வில்லை. பெட்டி மேல் பெரிய எழுத்தில் "525 மடங்கு" என்று போட்டிருக்கும். கணக்குப்படி பொய்யில்லை. 700 மி.மீ. குவியத்தூரத்தை 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லை) வகுத்து, கூடவே வந்த மூன்று மடங்கு பார்லோவால் (மடங்கைக் கூட்டும் இடைவில்லை) பெருக்கினால் 525 வந்துவிடும். ஆனால் ஒரு மி.மீ. விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதுதான் எந்தத் தொலைநோக்கியும் தாங்கும் உச்சம். 60 மி.மீ.க்கு 120. அதைத் தாண்டினால் நிலா பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது.

அதைவிடக் கொடுமை அதன் முக்காலி. குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சனி ஐந்தாறு விநாடி ஆடி முடித்துத்தான் நிற்கும். ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே ஆட்டம். தொடாமல் ஃபோகஸ் பண்ண முடியாது, ஆடும்போது ஃபோகஸ் ஆனதா என்று தெரியாது. பொழுதுபோக்கை அன்றோடு விட்டுவிட இருந்தேன்.

அதனால் இந்த அலசலில் மடங்குக் கணக்கை ஓரமாக வைத்துவிடுகிறேன். கொஞ்சம் விசாரித்தவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது மூன்று வகையில்தான். வில்லையால் ஒளி குவிக்கும் 102 மி.மீ. எஃப்/10 ரிஃப்ராக்டர், வில்லையும் ஆடியும் சேர்ந்த 127 மி.மீ. மக்சுடோவ், பெட்டியில் உட்காரும் ஆடித் தொலைநோக்கியான 200 மி.மீ. எஃப்/6 டாப்சோனியன். (எஃப் எண் என்பது குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தது.) மூன்றையும் ஒரே தரையில், ஒரே இரவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படியேறி இறங்கும் தொல்லை இல்லாதவர்கள் டாப்சோனியன் வாங்குங்கள். அதற்கு எதிரான வாதங்களும் வலுவானவை என்பதால்தான் மீதியை எழுதுகிறேன்.

விட்டம் எவ்வளவு பேசும்

ஒளி சேர்க்கும் திறன் விட்டத்தின் இருமடிப்படி கூடும். 200 மி.மீ. ஆடி 102 மி.மீ. வில்லையைவிட ஏறக்குறைய 3.8 மடங்கு ஒளி சேர்க்கும், 127-ஐவிட 2.5 மடங்கு. நெருங்கி நிற்கும் இரண்டு விண்மீன்களைப் பிரித்துக் காட்டும் எல்லைக்கு டாஸ் என்பவர் சொன்ன எளிய கணக்கு உண்டு: 116-ஐ மி.மீ. விட்டத்தால் வகுத்தால் விடை வில்விநாடியில் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வரும். 102-க்கு 1.14, 127-க்கு 0.91, 200-க்கு 0.58.

காகிதத்தில் பெரியதுதான் ஜெயிக்கிறது. வானத்தில் இடையில் காற்று இருக்கிறதே! பல இரவுகளில் வளிமண்டலக் கலக்கமே ஒன்றிரண்டு வில்விநாடிக்கு உருவத்தைக் குழப்பிவிடும். அந்த இரவுகளில் கோள்களைப் பொறுத்தவரை 200-க்கும் 102-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. காற்று அடங்கிய இரவு வந்தால்தான் பெரிய ஆடி தன் வேலையைக் காட்டும்.

ஒரே இரவு, மூன்று குழாய்

அபிஜித் விண்மீனுக்குப் பக்கத்தில் எப்சிலான் லைரே என்று ஒன்று. பைனாகுலரில் இரண்டாகத் தெரியும், 120 மடங்குக்கு மேல் போனால் அந்த இரண்டும் தனித்தனியே இரண்டிரண்டாகப் பிரியும். ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே இரண்டேகால் வில்விநாடி அளவுதான். மூன்று தொலைநோக்கியும் பிரித்தன. ஆனால் ரிஃப்ராக்டரில் பார்த்ததுதான் கண்ணிலேயே நிற்கிறது: ஊசிமுனைப் புள்ளி, அதைச் சுற்றி மெலிதாக ஒரே ஒரு வளையம், நடுவில் கரிய இடைவெளி. டாப்சோனியனில் அதே நான்கும் பிரகாசமாக இருந்தன, ஆனால் ஓரங்கள் பரபரத்துக்கொண்டே இருந்தன. காரணம் உண்டு. டாப்சோனியனிலும் மக்சுடோவிலும் ஒளியின் பாதையில் ஒரு சிறு ஆடி குறுக்கே நிற்கிறது. அது மையத்துப் புள்ளியிலிருந்து கொஞ்சம் ஒளியை எடுத்துச் சுற்றியுள்ள வளையங்களில் போடும். ரிஃப்ராக்டரில் குறுக்கே எதுவும் இல்லை.

சனியில் போட்டி சமன். வளையத்தின் நடுவே கரிய கோடாகத் தெரியும் காசினி இடைவெளியை மூன்றும் காட்டக்கூடியவைதான். ஒரு எச்சரிக்கை: 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது, இப்போது மெல்ல விரிந்துகொண்டிருக்கிறது. சாய்வு குறைவாக இருக்கும் ஆண்டுகளில் இடைவெளி தெரியவில்லை என்று வாங்கிய தொலைநோக்கியைத் திட்டாதீர்கள்.

அடுத்து எம்13-க்குத் திருப்பினோம். ஹாலி 1714-இல் கண்ட கோளக் கொத்து, இருபதாயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால். ரிஃப்ராக்டரில் பஞ்சு உருண்டை. மக்சுடோவில் ஓரத்தில் கொஞ்சம் பொரி தூவிய மாதிரி. டாப்சோனியனில் 150 மடங்கு வைத்ததும் உருண்டை உடைந்து விண்மீன் விண்மீனாகக் கொட்டியது. அதுவரை ரிஃப்ராக்டர் கட்சியில் இருந்த நண்பர் ஐபீஸை விட்டு நகர மாட்டேன் என்றார். நானும் கட்சி மாறியது அப்படித்தான்.

ரிஃப்ராக்டர்: அழகி, ஆனால்

வில்லையின் பழைய நோய் நிறப்பிழை. நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் குவியாது. அதைத் தவிர்க்கக் குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள். 1670-களில் ஹெவேலியஸ் 150 அடி நீளத்துக்கே போய்விட்டார். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் நியூட்டன் 1668-இல் ஆடிக்கு மாறினார். பிற்பாடு இருவகைக் கண்ணாடி சேர்த்த அக்ரோமாட் வந்தது, 1758-இல் டாலண்ட் காப்புரிமை வாங்கினார். இன்றைய 102 எஃப்/10 அந்த வம்சம்தான். வெள்ளியைச் சுற்றியும் அபிஜித்தைச் சுற்றியும் மெல்லிய ஊதா நிழல் தெரியும். எனக்கு அது உறுத்தவில்லை. சிலருக்குக் கண்ணைக் குத்தும். அதே விட்டத்தில் எஃப்/5 என்று குட்டையாக வருவதில் இந்த ஊதா தாங்காது, கோள் பார்க்க அதை வாங்காதீர்கள். ஈடி என்ற நிறம் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி போட்டால் பிழை பெரும்பாலும் அடங்கிவிடும், விலையும் பல மடங்கு ஆகிவிடும்.

மற்றபடி பராமரிப்பே இல்லாத கருவி. வெளியே வைத்துக் கால் மணி நேரத்தில் தயார். ஆனால் ஒரு மீட்டர் நீளக் குழாய் என்பதால் நல்ல கனமான மவுண்ட் (குழாயைத் தாங்கும் அமைப்பு) வேண்டும், அதில்தான் எல்லாரும் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். தலைக்கு நேர் மேலே உள்ளதைப் பார்க்க ஐபீஸ் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும், மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும்.

மக்சுடோவ்: கைக்குழந்தை

1941-இல் மக்சுடோவ் வரைந்த வடிவம். 1500 மி.மீ. குவியத்தூரத்தை ஒரு முழ நீளத்துக்கும் குறைவான குழாயில் மடித்து வைத்திருக்கிறார்கள். குழாய் மூன்று கிலோ சொச்சம்தான். ஒரு கையில் இதையும் மறு கையில் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம். வியாழனின் பட்டைகள், நிலாவின் பள்ளங்கள், இரட்டை விண்மீன்கள் என்று நகர வானத்தில் பார்க்கக்கூடிய எல்லாவற்றுக்கும் இது போதும்.

குறை இரண்டு. மூடிய குழாய், தடித்த கண்ணாடி. வீட்டுச் சூட்டை இறக்க முக்கால் மணி நேரமாவது எடுக்கும். அதுவரை வியாழன் கொதிக்கும் நீருக்கடியில் கிடப்பது போலத் தெரியும். இரண்டாவது, காட்சிப் புலம் குறுகல். ஒன்றேகால் அங்குல ஐபீஸில் எவ்வளவு முயன்றாலும் ஒரு பாகைக்கு மேல் கிடைக்காது, அதாவது இரண்டு முழு நிலா அகலம். கார்த்திகை மீன்கள் முட்டிமோதி அடங்கும், சுற்றிலும் கரிய வானம் இல்லாமல் அந்தக் கொத்து கொத்தாகவே தெரியாது. முன் கண்ணாடியில் பனி வேறு இறங்கும். கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டி முன்னால் ஒரு முழம் நீட்டிவிட்டால் சமாளிக்கலாம். டாப்சோனியனின் ஆடி குழாயின் அடியில் பத்திரமாக இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

டாப்சோனியன்: பெட்டியும் பீரங்கியும்

பெயர் வந்தது ஜான் டாப்சனிடமிருந்து. 1915 முதல் 2014 வரை வாழ்ந்தவர்; இராமகிருஷ்ண மடத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ கிளையில் சேர்ந்து இருபது ஆண்டுக்கு மேல் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்கார வைத்து, நடைபாதையில் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு வானத்தைக் காட்டினார். ஒளியியல் நியூட்டன் காலத்துடையதுதான். டாப்சன் சேர்த்தது அந்தப் பெட்டி. டெஃப்லான் துண்டுகள் மேல் வழுக்கிச் சுழலும். தள்ளினால் போகும், விட்டால் அங்கேயே நிற்கும். என் பழைய தட்டுச் சோதனையை இதில் செய்து பாருங்கள்: ஒரு விநாடியில் அடங்கிவிடும். முக்காலிக்குப் போகும் பணம் முழுக்க ஆடிக்குப் போகிறது.

குறைகளை மறைக்கப் போவதில்லை. 200 மி.மீ. என்றால் குழாயும் அடிப்பெட்டியும் சேர்ந்து இருபது கிலோவை ஒட்டி வரும். தானாகச் சுழலாது, 200 மடங்கில் சாதாரண ஐபீஸின் புலம் கால் பாகை, பூமி சுழலும் வேகத்தில் வியாழன் ஒரு நிமிடத்தில் அதைக் கடந்து ஓடிவிடும், தள்ளிக்கொண்டே பார்க்க வேண்டும். நீண்ட நேர ஒளிப்படத்துக்கு இது ஆகாது. இரண்டு ஆடியும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று அடிக்கடி சரிபார்க்க வேண்டும். கொலிமேஷன் என்ற இந்தச் சொல்லைக் கேட்டே பலர் ஓடுகிறார்கள். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை, மூன்று திருகு.

யாரும் கடையில் சொல்லாத ஒரு சௌகரியம் உண்டு. டாப்சோனியனில் உருவம் தலைகீழ், அவ்வளவுதான். விண்மீன் வரைபடத்தையும் தலைகீழாகத் திருப்பினால் பொருந்திவிடும். ரிஃப்ராக்டரிலும் மக்சுடோவிலும் டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சிறு ஆடி) மாட்டியதும் இடம் வலம் மாறிக் கண்ணாடிப் பிம்பமாகும். வரைபடத்தை எப்படித் திருப்பினாலும் பொருந்தாது.

ஆடித் தொலைநோக்கி என்ற பெயரில் வந்தாலும் ஒதுக்க வேண்டிய ஒன்று: 114 மி.மீ. ஆடி, 1000 மி.மீ. குவியத்தூரம், ஆனால் குழாய் மட்டும் அரை மீட்டர் என்றால் ஃபோகசருக்குள் ஒரு திருத்த வில்லை ஒளிந்திருக்கிறது. அதில் கொலிமேஷன் பெரும்பாடு.

எதை வாங்கினாலும் சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுக்க மூட வேண்டும். ஐபீஸில் திருகும் குட்டி வடிகட்டி வந்திருந்தால் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும்.

வாங்குவதா, தேய்ப்பதா

பணம் மிச்சமாகும் என்று ஆடி தேய்க்க இறங்காதீர்கள், ஆகாது. ஆசைக்காகத் தேய்ப்பதென்றால் 150 மி.மீ. எஃப்/8-இல் தொடங்குங்கள். இரண்டு கண்ணாடி வட்டு, நடுவில் சிலிக்கான் கார்பைடு தூளும் தண்ணீரும். வட்டுகளை ஒரு பீப்பாய் மேல் வைத்து, மேல் வட்டைத் தள்ளி இழுத்துக்கொண்டே பீப்பாயைச் சுற்றி நடக்க வேண்டும். மேல் வட்டு குழியும், கீழ் வட்டு குவியும். நடுவில் விழ வேண்டிய மொத்தக் குழியே 1.2 மி.மீ.தான். 80-ஆம் எண் முரட்டுத் தூளில் கரகரவென்று கத்தும் கண்ணாடி, தூள் நைய நைய உஸ்ஸென்று இறங்கும். காது கேட்டே அடுத்த கைப்பிடி போடலாம். நான் இன்னும் நைஸான 220-ஆம் எண் தூளுக்கு மாறியபோது சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரே ஒரு முரட்டுத் துகள் உள்ளே விழுந்தது. ஒரு கீறல், இரண்டு வாரம் பின்னால் போனேன்.

எஃப்/8-ஐச் சொல்வதற்குக் காரணம், இந்த அளவில் குழி வெறும் கோளமாக நின்றாலும் பிழை, நல்ல உருவத்துக்குப் போதும் என்று சொல்லப்படும் கால் அலைநீள (ஒளி அலையின் நீளத்தில் கால் பங்கு) வரம்பை ஒட்டித்தான் இருக்கும். 200 எஃப்/6-க்கு அப்படி விட முடியாது, பரவளையமாக்கியே தீர வேண்டும். கோளத்துக்கும் பரவளையத்துக்கும் வித்தியாசம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அலுமினியப் பூச்சுக்கு வெற்றிட அறை வேண்டும், அதை எப்படியும் வெளியே கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

இவ்வளவு நுணுக்கத்தை வீட்டில் அளப்பது ஒரு சவரத் தகடும் ஒரு சிறு விளக்கும். ஃபூக்கோ 1850-களின் கடைசியில் சொல்லிக்கொடுத்த முறை. ஆடியிலிருந்து 2400 மி.மீ. தள்ளி, திரும்பி வரும் ஒளி குவியும் இடத்தில் தகட்டை மெல்ல நுழைத்தால், ஆடியின் முகம் மேடு பள்ளத்தோடு நிழலாக எழும். முதல் தடவை செய்கிறவர்களை ஆடியில் கட்டைவிரலைப் பத்து விநாடி வைக்கச் சொல்வேன். விரலை எடுத்துவிட்டுத் தகட்டருகே வந்து பார்த்தால், வைத்த இடத்தில் ஒரு குன்று நிற்கும். உடம்புச் சூட்டுக்குக் கண்ணாடி வீங்கியிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் அது கரைந்து தட்டையாகும்.