இலையா, பஃபேயா, ரெண்டு பந்தியா? கலந்த கூட்டத்துக்கு எந்தக் கல்யாணச் சாப்பாடு?

வேலூர், ஆரணி, வந்தவாசிப் பக்கம் கல்யாணம் வைக்கிறவர்களுக்குச் சாப்பாட்டு விஷயத்தில் தலைவலி கொஞ்சம் கூடுதல். கறி இல்லையென்றால் முகம் சுளிக்கும் மாமன் மச்சான், வெங்காயம் பூண்டு தொடாத பக்கத்து வீட்டு மாமி, பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் வைக்காத நயினார் (தமிழ்ச் சமணர்) குடும்பம், ஹலால் கறி மட்டும் சாப்பிடும் ஆம்பூர் நண்பர்கள், இது போதாதென்று பெங்களூருக்கு வேலைக்குப் போய்ப் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கும் சித்தி பையன். எல்லாருக்கும் போவது ஒரே பத்திரிகைதான்.

பெரும்பாலும் நாலு வழிகளைத்தான் வீட்டில் பேசுவார்கள். எல்லாருக்கும் ஒரே சைவ இலை, ஒரே நேரத்தில் சைவப் பந்தி தனி, அசைவப் பந்தி தனி, ரிசப்ஷனில் பஃபே, முகூர்த்தத்துக்குச் சைவம் போட்டுவிட்டு மறுநாள் வீட்டில் கறி விருந்து. என் ஓட்டு முதலாவதையும் நாலாவதையும் சேர்த்துச் செய்வதற்கு. இரண்டாவதைச் சொந்தக்காரர் யாராவது எடுத்தால் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

சைவ இலையை "பழைய முறை" என்று ஒதுக்குகிறவர்கள் அதற்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. சமையல் மேஸ்திரியிடம் மெனு பேசும்போதே அடிப்படைச் சமையல் முழுவதும் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். "வெங்காயம் இல்லாம சாம்பாரா?" என்று ஒருமுறை கேட்பார், கேட்கட்டும். முருங்கைக்காயும் மாங்காயும் போட்ட சாம்பாரில் வெங்காயத்தை யாரும் தேடுவதில்லை. பூசணிக்காய் மோர்க்குழம்பு, புடலங்காய்க் கூட்டு, பீன்ஸ் பொரியல், வாழைக்காய் வறுவல் என்று போனால் நயினார் வீட்டுக்காரர்களும் மார்வாடிக் கடைக்காரரும் மாமியும் ஒரே வரிசையில் உட்காரலாம். அவியலில் சேனையும் கேரட்டும் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், மேஸ்திரியின் கை பழக்கத்தில் போட்டுவிடும். வெங்காயம் போட்ட உருளைக்கிழங்கு காரக்கறி இல்லாமல் நம் ஆட்களுக்கு இறங்காது என்றால் அதை ஒரு தனி வகையாக வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் கையைக் காட்டிவிடுவார்கள்.

பால் பொருள் சாப்பிடாதவர்களுக்கு இலையில் இடைஞ்சல் சிலதுதான்: பருப்பின் மேல் விடும் நெய், மோர்க்குழம்பு, தயிர் விட்ட அவியல், பாயசம், மோர். இதில் நெய்தான் ஆபத்து, ஏனென்றால் பருப்பு வாளிக்குப் பின்னாலேயே நெய்க் கிண்ணம் ஓடி வரும், வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் ஒரு கரண்டி விழுந்துவிடும். சொன்னாலும் "அட, ரெண்டு சொட்டுதான் சார்" என்பார்கள். அதனால் அப்படிப்பட்டவர்கள் நாலைந்து பேர் என்றால் வரிசையின் கடைசியில் சேர்த்து உட்காரவைத்து, அந்த வரிசைக்குப் பரிமாறுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாயசத்தைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுப் பாசிப்பருப்பில் செய்யச் சொல்லி, முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டுவதற்கு முன்பே ஒரு தூக்கில் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையலே தேவையில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது வந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், அது சாம்பார், ரசம், மோர் என்று எல்லாவற்றிலும் போகும்.

சர்க்கரைக்காரர்களுக்கென்று தனி மெனு போடச் சொல்லி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள், சிறுதானியப் பொங்கல் அது இது என்று. மெனுவை விட நேரம்தான் அவர்களுக்கு முக்கியம் என்பேன். மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வந்த பெரியவரை மூன்றாவது பந்திவரை மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டு இலையில் தினைப் பொங்கல் வைத்து என்ன பயன்? முதல் பந்தியில் உட்காரவைத்தாலே போதும்.

சரி, இந்த இலையில் கறி இல்லை. அங்கேதான் இரண்டு பந்தி யோசனை வரும்: மேலே சைவம், கீழே பிரியாணி, அவரவர் விருப்பம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். முதலில், அசைவத்தை அனுமதிக்காத மண்டபங்கள் நிறைய உண்டு, அட்வான்ஸ் கொடுக்குமுன் கேட்க வேண்டும். அனுமதித்தாலும் குடும்பம் பிரிந்து போகும். புருஷன் கறி சாப்பிடுவார், மனைவிக்கு வெள்ளிக்கிழமை விரதம், பிள்ளைகள் அப்பாவோடு, மாமியார் மேலே. கல்யாணத்துக்கு ஒன்றாக வந்தவர்கள் படிக்கட்டில் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருப்பார்கள். கணக்கும் உதைக்கும். முகூர்த்தம் செவ்வாய், வெள்ளி, சனியில் விழுந்தால் கறி சாப்பிடுகிறவர்களிலேயே பாதிப் பேர் அன்று தொடமாட்டார்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, தையில் பழனிக்கு மாலை, அவர்கள் கறி சமைத்த பாத்திரத்தையே தொட யோசிப்பார்கள். அப்புறம் அடுப்பங்கரை. இரண்டு சமையலுக்கும் ஒரே ஆட்கள், ஒரே கரண்டி, அவசரத்தில் சிக்கன் பொரித்த எண்ணெயிலேயே அப்பளமும் பொரிந்துவிடும், மேலே சாப்பிடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. கட்டாயம் இரண்டு பந்திதான் என்றால் சமையல் குழுவையும் பாத்திரத்தையும் சேர்த்தே பிரியுங்கள், அந்தச் செலவுக்குத் தயார் என்றால்.

பஃபேக்கு ஒரு நியாயம் உண்டு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தலையில் கட்டமாட்டார்கள். ஆனால் என்ன எடுக்கிறோம் என்று தெரிந்தால்தானே அந்தச் சௌகரியம்! சைவக் கவுண்டரில் வைத்திருக்கும் பரோட்டா மாவில் முட்டை சேர்ந்திருக்கலாம், பனீர் கிரேவி முந்திரி விழுது போட்டுக் கெட்டியாகியிருக்கும், மாப்பிள்ளை பெண் வெட்டும் கேக்கில் சொல்லி வாங்காவிட்டால் முட்டை இருக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் பெயரையும், முட்டை, பால், முந்திரி, வெங்காயம் எது இருக்கிறது என்பதையும் தமிழில் பெரிதாக எழுதி வைத்தால் பஃபே உருப்படும். அதைச் செய்கிறவர்களை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர் பட்டர் சிக்கனில் கிடந்த கரண்டியை அப்படியே பனீருக்கு மாற்றுவதையும் தடுக்க முடியாது, அதற்கு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பரிமாற ஓர் ஆள் நிற்க வேண்டும். முட்டி வலிக்காரர்கள் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நயினார்களுக்கு ரிசப்ஷன் மெனுவே பொருட்டில்லை. ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் விருந்தில் அவர்கள் வாழ்த்திவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்புவார்கள். ஐந்து மணிக்கே இட்லி, கேசரி, வாழைக்காய் பஜ்ஜி என்று ஒரு டிபன் போட்டுவிட்டால் சூரியன் சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம், வெளியூரிலிருந்து குழந்தைகளோடு வந்தவர்களுக்கும் அது உதவும்.

மறுநாள் கறி விருந்துக்கு உள்ள ஒரே குறை, அலுவலக ஆட்களும் நண்பர்களும் தங்கமாட்டார்கள். ஆனால் கறி கறி என்று கேட்பதே சொந்தபந்தம்தான், அவர்கள் எப்படியும் இருப்பார்கள். தலைக்கணக்கு சின்னதாகிவிடுவதால் செலவும் கைக்குள் நிற்கும், 1 கிலோ சீரகச் சம்பாவுக்கு 1 கிலோ கறி என்று தாராளமாகவே போடலாம். ஆம்பூர் நண்பர்கள் தங்குவதாக இருந்தால் கறியை ஹலால் கடையில் வாங்கிவிட்டால் எல்லாரும் ஒரே அண்டாவில் சாப்பிடலாம். எந்தக் கடை என்று அவர்களிடமே கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

நாம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது கதை தலைகீழ். அங்கே பிரியாணிதான் விருந்து, சைவ நண்பர்களுக்கென்று தனியாகச் சாப்பாடு ஏற்பாடு செய்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு "தால்சா பருப்புதானே" என்று சைவக்காரர் ஊற்றிக்கொள்ளக் கூடாது, பல வீடுகளில் அதில் ஆட்டு எலும்பு போட்டுத்தான் கொதிக்கவைப்பார்கள்.

எந்த வழி என்றாலும் தலைக்கணக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பத்திரிகை கொடுக்கப் போகும்போதே "சாப்பாட்டுல ஏதாவது பாக்கணுமாங்க?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் மட்டும் போதாது. கல்யாணத்தன்று காலை பரிமாறும் குழுவின் தலைவரைக் கூப்பிட்டு, யார் எந்தப் பந்தியில், எந்த வரிசையில் உட்காருவார்கள் என்று காட்டிவிட வேண்டும், மேஸ்திரி அடுப்பை விட்டு வெளியே வரப்போவதில்லை.