ஆப்டிபிளெக்ஸ் 780-இல் டெபியன் 13: வீட்டு வெப் சர்வராகத் தேறுமா?

டெல்லின் பழைய ஆப்டிபிளெக்ஸ் 780 கம்ப்யூட்டரில் டெபியன் 13 என்ற லினக்ஸைப் போட்டு வெப் சர்வராக ஓட்டலாமா என்றால், தேறும். பிஹெச்பி, மரியாடிபி (டேட்டாபேஸ்), வேர்ட்பிரஸ் என்று வேலை செய்பவருக்குத் தாராளமாகத் தேறும். டாக்கர் (மென்பொருளை அதற்கு வேண்டியதோடு ஒரே பொட்டலமாக ஓட்டும் கருவி), மாங்கோடிபி (இன்னொரு டேட்டாபேஸ்) பக்கம் இருப்பவர்கள் மட்டும் கீழே வரும் சிபியூ விவகாரத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

என் தொழில் சிறு கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது. மதுரை மாசி வீதியில் ஒரு பாத்திரக்கடை, ஒரு சுங்குடிச் சேலை வியாபாரி, திருமங்கலத்தில் ஒரு நர்சரி, இப்படி. எல்லார் சைட்டும் கடைசியில் போய் உட்காருவது லினக்ஸ் சர்வரில். கட்டுவதோ விண்டோஸ் லேப்டாப்பில், ஸாம்ப் (லேப்டாப்பிலேயே வெப் சர்வரை ஓட்டும் தொகுப்பு) போட்டு. கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். ஒரு எழுத்து மாறியிருந்தால் லேப்டாப்பில் படம் தெரியும், ஹோஸ்டிங்கில் காணாமல் போகும். அந்தக் கோளாறு முதலில் என் வீட்டில் தெரிய வேண்டும், கடைக்காரர் போனில் தெரியக் கூடாது. லினக்ஸ் பெட்டி ஒன்று வீட்டிலேயே வேண்டும் என்று நான் நினைத்தது இதற்காகத்தான்.

மச்சான் புதூரில் நடத்திய பிரவுசிங் சென்டரை மூடியபோது இந்த டெல் பெட்டி வந்தது. கோர் 2 டுவோ இ8400, 2008-இல் வெளிவந்த சிபியூ; 4 ஜிபி டிடிஆர்3 ராம். விண்டோஸ் 11 இதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, நான் வாங்கித் திருநகர் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சாப்ட்வேரைத் தொடுவதற்கு முன் மூன்று வேலை. ப்ளோயர் வைத்துத் தூசியை அடித்து, சிபியூவில் காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்டை மாற்ற வேண்டும். மதுரை சித்திரை வெயிலில் மாடி அறை எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அடுத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி. இந்த மதர்போர்டின் சாட்டா வேகம் 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது. ஆனாலும் இந்தப் பெட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பலன் தருவது வேறு இல்லை. மூன்றாவது, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. அது செத்திருந்தால் ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். பேக்கேஜ் இறக்கும்போது 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்பது போல் பிழை வரும்; நெட்டில் கோளாறு, ரவுட்டரில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்போம். கடிகாரக் கடையில் கிடைக்கும் சின்ன பேட்டரி. யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட் 9. பாதுகாப்புத் திருத்தங்கள் மூன்று வருஷம், அதற்கு மேல் நீண்டகால ஆதரவு இரண்டு வருஷம், ஆக 2030 வரை கவலை இல்லை. இன்ஸ்டாலர் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரூட் (தலைமை நிர்வாகி) பாஸ்வேர்டைக் காலியாக விட்டால், நாம் உருவாக்கும் பயனருக்கே சூடோ அதிகாரம், அதாவது நிர்வாகி வேலை செய்யும் உரிமை, தந்துவிடுகிறது. மென்பொருள் தேர்வுப் பக்கத்தில் டெஸ்க்டாப் டிக்கை எல்லாம் எடுத்துவிட்டு எஸ்எஸ்ஹெச் சர்வர் (லேப்டாப்பிலிருந்தே கட்டளை கொடுக்க), வெப் சர்வர் இரண்டையும் போட்டால் அப்பாச்சி என்ற வெப் சர்வரோடு எழுந்து நிற்கும். மானிட்டரும் கீபோர்டும் அதோடு தேவையில்லை. பிஹெச்பி 8.4, மரியாடிபி 11.8 இரண்டும் டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கின்றன.

தமிழில் சைட் செய்கிறவர்களுக்கு ஒரு நல்ல விஷயம். டெபியன் தரும் மரியாடிபி முதலிலிருந்தே யூடிஎஃப்8எம்பி4 என்ற யூனிகோட் முறையில் இருக்கிறது. தமிழ் கேள்விக்குறியாக மாறும் தொல்லைக்கு டேட்டாபேஸ் பக்கம் இடமில்லை. பிஹெச்பியில் மட்டும் கவனம் வேண்டும்: 'மதுரை' என்பதன் நீளத்தை சாதாரண எஸ்டிஆர்லென் பைட்டை எண்ணி 15 என்று சொல்லும், எம்பி வகை யூனிகோட் குறிகளை எண்ணி 5 என்று சொல்லும், நாம் படிக்கும் எழுத்தை எண்ணும் கிராஃபீம் வகைதான் 3 என்று சொல்லும். பொருளின் பெயரை இத்தனை எழுத்தில் வெட்டு என்று தீம் எழுதும்போது இது முக்கியம்.

குறை என்று பார்த்தால், டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புகளின் 'டிஎம்பி' அடைவு இப்போது ராமில் இருக்கிறது, பாதி ராம் வரை எடுக்கலாம். 4 ஜிபி பெட்டியில் பெரிய பேக்கப்பை அங்கே விரித்தால் மூச்சு முட்டும். சிஸ்டம்டியில் (லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் பகுதி) அந்த மவுண்டை மாஸ்க் செய்து, அதாவது முடக்கி, ரீஸ்டார்ட் போட்டால் பழையபடி டிஸ்க்குக்குப் போய்விடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது சிபியூ. கோர் 2 டுவோவில் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் என்ற பிற்கால சிபியூ கட்டளைகள் கிடையாது. டெபியன் இன்னும் அடிப்படை 64-பிட்டுக்கே கட்டப்படுவதால் அதற்குக் கவலையில்லை. ஆனால் ரெட்ஹாட் 9, ஆரக்கிள் லினக்ஸ் 9 என்ற வேறு லினக்ஸ்கள் இந்தக் கட்டளைகளும் உள்ள 'வி2' தரத்தைக் கேட்கின்றன. டாக்கரை டெபியனில் போட்டுவிடலாம், கன்டெய்னரும் (டாக்கர் ஓட்டும் பொட்டலம்) இறங்கும். உள்ளே ஆரக்கிள் லினக்ஸ் 9 மேல் கட்டிய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இருந்தால் தொடங்கிய உடனே 'இந்த சிபியூ போதாது' என்று நின்றுவிடும். மாங்கோடிபி 5.0 முதல் ஏவிஎக்ஸ் என்ற இன்னொரு சிபியூ கட்டளைத் தொகுப்பு வேண்டும், அதுவும் இதில் இல்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது, சிலிக்கானிலேயே இல்லாத விஷயம். கல்லூரிப் பிராஜெக்டுக்கு நோட், மாங்கோ என்று செய்யும் தம்பி தங்கைகள் இந்த வரியைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

கரண்ட் பில் எல்லாரும் கேட்பது. சும்மா இருக்கும்போது 50 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72. வீட்டுக்கு இலவசமாக வரும் யூனிட்டில் பெரும் பங்கை இதுவே தின்றுவிடும். கோடையில் ஏசி ஓடி 500-ஐத் தொடும் வீடு என்றால், இந்த 72 உங்களை மேல் ஸ்லாபுக்குத் தள்ளவும் கூடும். அதனால் இரவெல்லாம் ஓடவிடாதீர்கள். பயாஸில் ரிமோட் வேக்-அப்பைப் போட்டுவிட்டால், காலையில் லேப்டாப்பிலிருந்தே எழுப்பலாம். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாட்களுக்கு ஏசி ரெகவரி என்ற இன்னொரு அமைப்பு இருக்கிறது. அதை 'லாஸ்ட்' என்று வைத்தால், கரண்ட் போகும்போது ஓடிக்கொண்டிருந்த பெட்டி, வந்ததும் தானே எழும்.

புதிதாகத் தேடி வாங்குபவர்களுக்கு என் யோசனை வேறு. கையில் இருக்கும் 780-ஐத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் கூடப்போனாலும் இரண்டாம் தலைமுறை ஐ5 போட்ட பெட்டியைக் கேளுங்கள். அதில் எஸ்எஸ்இ 4.2, ஏவிஎக்ஸ் இரண்டும் உண்டு, மேலே சொன்ன மைஎஸ்க்யூஎல், மாங்கோ தடை இரண்டும் விலகிவிடும். கடையில் நிற்கும்போதே ஒரு லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, சிபியூ விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையை அடித்து, அந்த இரண்டு பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.