கியர் மாத்தினது என்று 72,500 வாங்கினார், கியரைத் திறக்கவே இல்லை

முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில் பழைய சின்னப் படகு எஞ்சின் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள். அப்பாவின் 8 குதிரைவலு எஞ்சினுக்கு "முழுக் கியர் செற்றும் மாத்தியாச்சு" என்று சொல்லி ஒருவர் 72,500 ரூபாய் வாங்கினார். உள்ளே ஒரு பல்லுக்கூட மாறவில்லை. முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் கடையின் பெயரையோ ஊரையோ எழுதவில்லை. அவர் ஏமாற்றிய விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

எஞ்சின் மீள்குடியேறிய காலத்தில் உதவியாகக் கிடைத்தது. நாயாற்றுக் களப்பில் இறாலுக்கும், கடல் அடங்கிக் கிடக்கும் நாட்களில் வெளியே வலைக்கும் அதை நம்பித்தான் போகிறோம். களப்பில் தண்ணீர் குறைவு, மண்மேட்டில் எஞ்சினின் விசிறி (புரொப்பெல்லர்) இடிபடாத ஆள் அங்கே இல்லை. கொஞ்ச நாளாக எஞ்சின் ஒரு குணம் காட்டியது. மெல்ல ஓட்டினால் ஒழுங்காகப் போகும். வேகத்தைக் கூட்டினால் எஞ்சின் மட்டும் கத்தும், படகு இழுக்காது. குறைத்தால் திரும்பவும் இழுக்கும். அடியில் இருந்து வேறு சத்தம் எதுவும் இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் இந்தக் கதையில் முக்கியம், பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் விசிறியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். "ஐயா, கியர் தேஞ்சு முடிஞ்சுது. கிளச்சும் போச்சு. இப்பிடியே கொண்டு போனா நடுக்கடலில நிண்டிடும்." நடுக்கடல் என்று சொன்னால் எந்தக் கடற்றொழிலாளி பேரம் பேசுவான்? அம்மா கட்டிய சீட்டை எடுத்துக் கொடுத்தோம். எஞ்சினை விட்டுவிட்டு நாளைக்கு வரச் சொன்னார். அடுத்த நாள் போனபோது கடை வாசலில் நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை மாட்டி, கியர் போட்டுக் காட்டினார். தண்ணீர் கொதித்துத் தெறித்தது. "பழைய சாமானைத் தாங்கோ தம்பி" என்று அப்பா கேட்டார். கிறீஸ் பூசிய இரண்டு கியர்களை ஒரு சொப்பிங் பையில் போட்டுத் தந்தார். பில் கேட்டதற்கு அட்டைத் துண்டொன்றில் "கியர் வேலை" என்று எழுதித் தொகையைப் போட்டார். கடையின் பெயர் இல்லை, கையெழுத்தும் இல்லை.

அந்த எஞ்சினை மாட்டிக்கொண்டு போனபோது, நாயாற்று முகத்துவாரத்தில் அலை எழும்பும் இடத்தில் அப்பா வேகத்தைக் கூட்டியிருக்கிறார். எஞ்சின் கத்தியது, படகு குறுக்கே திரும்பிவிட்டது. பின்னால் வந்த படகுக்காரர் கயிறு எறிந்து இழுத்துக் கரை சேர்த்தார். கடைக்குப் போனால் பதில் ஆயத்தமாக இருந்தது: "புதுக் கியர் போட்டுத் தந்தனான். நீங்கள் திரும்ப மண்ணில இடிச்சிருப்பியள்."

அதற்குப் பிறகுதான் சிலாவத்தைப் பக்கம் ஒரு ஐயாவிடம் கொண்டு போனோம். வயதானவர், கடை கிடை ஒன்றும் இல்லை, வீட்டு மாமரத்தின் கீழே ஒரு வாங்கு மட்டும். வந்த வேகத்தில் ஸ்பானரை எடுக்கவில்லை. என் மகளின் நகப்பூச்சைக் கேட்டு வாங்கினார். விசிறியின் நடுவில், தண்டில் ஏறும் உள் உலோகக் குழாயில் தொடங்கி, அதைச் சுற்றியுள்ள ரப்பர், வெளி உலோகம் எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே சிவப்புக் கோடு இழுத்தார். காய்ந்த பிறகு படகில் மாட்டிக் களப்பில் ஒரு தரம் வேகமாக ஓடிவரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. உள்ளே ஒரு பக்கம், வெளியே இன்னொரு பக்கம். உள்ளே இருக்கும் ரப்பர் பிடியை விட்டுவிட்டது. தண்டு சுற்றுகிறது, விசிறி சுற்றுவதில்லை. கியருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

பீப்பாய்ப் பரிசோதனையில் இது தெரியவே தெரியாது. பீப்பாய்த் தண்ணீரில் விசிறிக்குப் பாரம் குறைவு, அந்தளவுக்குக் கிழட்டு ரப்பரும் தாங்கும். ஆட்களை ஏற்றிய படகைத் தள்ளும்போதுதான் வழுக்கும். திருத்திக் கொடுத்த எஞ்சினைக் கடை வாசலில் ஓட்டிக் காட்டினால் தலையாட்டாமல், படகில் மாட்டி ஓடிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

கியர் உண்மையாகவே போயிருந்தால் வேறு மாதிரி இருக்கும். விசிறித் தண்டில் முன்னும் பின்னும் நழுவி முன்கியரையும் பின்கியரையும் பிடிக்கிற கிளச் துண்டின் மூலைகள் தேய்ந்தால், பாரம் ஏறும்போது கியர் கழன்று கழன்று விழும். அப்போது "டக டக" என்று அடிக்கிற சத்தம் கைபிடி வரைக்கும் வரும். கியர் போடும் கம்பி சீர் குலைந்து அரைவாசி மட்டும் விழுந்தாலும் இதே சத்தம்தான், அதைக் கம்பியின் இணைப்பைச் சரிசெய்தே நிறுத்தலாம். விசிறியைத் தண்டோடு பிடிக்கும் ஷியர் பின் உள்ள சின்ன எஞ்சின் என்றால் முதலில் அந்தப் பின்னைப் பாருங்கள், அது முறிந்தால் விசிறி அறவே சுற்றாது. இன்னொன்று, கியரைப் பாவம் பார்த்து மெல்ல மெல்லத் தள்ளுகிறவர்கள் எங்கள் கரையில் நிறையப் பேர். அப்படித் தள்ளினால்தான் அந்த மூலைகள் உரசித் தேயும். எஞ்சின் வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு ஒரே தட்டில் போட வேண்டும்.

அப்படியென்றால் 72,500 எங்கே போனது? ஐயா, கியர் இருக்கும் அடிக்காலைப் பிடிக்கும் போல்ட்டுகளைக் காட்டினார். உப்பும் பழைய பெயின்றும் சேர்ந்து தலையை மூடிக் கிடந்தது, சுற்றிவர ஒரு கீறல் இல்லை. ஸ்பானர் வைத்த போல்ட் அப்படி இருக்காது. ஒயில் வடிக்கும் கீழ் ஸ்க்ரூவைக் கழற்றினால் பால்தேத்தண்ணி நிறத்தில் ஒயில் வந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம், அதோடு புதுக் கியர் போட்டவன் பழைய ஒயிலைத் திருப்பி ஊற்றமாட்டான். விசிறித் தண்டில் தங்கூசி (நைலோன் நூல்) சுற்றி, தண்ணீரை மறிக்கும் ரப்பர் சீல் வெட்டுப்பட்டிருந்தது. வலைக்காரர் எல்லாரும் இடைக்கிடை விசிறியைக் கழற்றி அந்த இடத்தைப் பாருங்கள், உண்மையிலேயே கியரைத் தின்பது இதுதான். சீல் மாற்ற எப்படியும் திறக்க வேண்டியிருந்ததால் உள்ளேயும் பார்த்தோம். பழைய கியர்கள் அப்படியே இருந்தன, பல்லெல்லாம் நல்ல பல், கிளச் துண்டின் மூலைகளும் கூர்.

சொப்பிங் பையில் வந்த கியரை எங்கள் விசிறித் தண்டில் போட்டுப் பார்த்தார் ஐயா. லொடலொட என்று ஆடியது. துவாரம் பெரிது, அது பெரிய எஞ்சினுடைய சாமான்.

பாவித்த விசிறி ஒன்றும் இரண்டு சீலும் புது 90 கியர் ஒயிலும் எல்லாமாக 14,000 ரூபாயோடு முடிந்தது. ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றி, மேல் துவாரத்தால் வழிந்த பிறகுதான் ஐயா மூடினார். மேலால் ஊற்றினால் காற்று நின்றுவிடும் என்றார். இப்போது இழுக்கிறது.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். முறைப்பாட்டை வேலை செய்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், "பார்ப்பம், பார்ப்பம்" என்று கடைக்காரர் இழுத்தடிப்பதில் அந்தக் காலத்தை விட்டுவிடாதீர்கள். அட்டைத் துண்டு, போல்ட்டுகளின் படம், சிவப்புக் கோட்டின் படம் எல்லாம் இணைத்திருக்கிறோம். எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே படங்களை எடுத்து வைத்தது நல்லதாய்ப் போயிற்று.

அந்த இரண்டு கியர்களும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. பெரியதில் ஒரு பல் நுனி உடைந்து, அதைச் சுற்றி நீலம் பாய்ந்திருக்கிறது. உங்களில் யாராவது பெரிய எஞ்சினை முல்லைத்தீவுப் பக்கம் கியர் வேலைக்குக் கொடுத்து, பழைய சாமான் கைக்கு வராமல் போயிருந்தால் எழுதுங்கள், படம் அனுப்புகிறேன்.