தேர்ச்சி அறிக்கையா, நேர்ப்பேச்சா, கொப்பியா: வன்னிப் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பைச் சொல்வது எது?

தவணை முடிந்து பிள்ளை றிப்போட்டோடு, அதாவது தேர்ச்சி அறிக்கையோடு, வீட்டுக்கு வந்ததும், இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சியிலும் சரி முல்லைத்தீவிலும் சரி, பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் கேள்வி "எத்தினையாம் பிள்ளை?", அதாவது வகுப்பில் எத்தனையாவது நிலை, என்பதுதான். அந்தக் கேள்விக்கு அறிக்கை உடனே பதில் சொல்லிவிடுகிறது. பிள்ளை போன தவணை தெரியாத எதை இந்தத் தவணை கற்றுக்கொண்டது, எந்த இடத்தில் தடக்குப்பட்டு நிற்கிறது, வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்விகளுக்கு மட்டும் அதில் பதில் இருப்பதில்லை. இவற்றை அறிய எங்கள் பெற்றோருக்கு வேறு வழிகளும் உண்டு. ஆரம்பப் பிரிவின் தேர்ச்சிக் குறிப்பு, வகுப்பாசிரியரோடு நேரில் பேசுவது, வகுப்பின் வட்ஸ்அப் குழு, பிள்ளையின் பயிற்சிக் கொப்பி ஆகியவை அவை. இவற்றை அறிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாங்கள் மிகவும் மதிக்கும் தாள் மிகக் குறைவாகவே பேசுகிறது என்பது என் முடிவு.

முதலில் அந்தத் தாளின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். பாடவாரியாகப் புள்ளி, மொத்தம், சராசரி, வகுப்பில் நிலை, வரவு, வகுப்பாசிரியர் குறிப்பு, அதிபரின் கையொப்பம் என எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால், பல ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் பார்க்கக்கூடிய பதிவாக அது நிற்கிறது. 2009 வரையிலான போர்க்கால இடப்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழ் முதல் பாடசாலைப் பதிவுகள் வரை இழந்து, செட்டிகுளத்து முகாம்களில் பிள்ளைகளை மீண்டும் வகுப்பில் சேர்த்த குடும்பங்களுக்கு, கையொப்பமும் முத்திரையும் உள்ள ஒரு தாளின் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை. பிள்ளை எத்தனை நாள் பாடசாலைக்குப் போகவில்லை என்பதையும் அது சரியாகச் சொல்கிறது. வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் விடியவே புறப்பட்டுவிடும் பெற்றோருக்கு அந்த ஒரு வரி சில வேளைகளில் பெரிய செய்தியாகவும் இருக்கும்.

சிக்கல் புள்ளியை முன்னேற்றமாக வாசிக்கும்போதுதான் தொடங்குகிறது. தரம் 7இல் படிக்கும் ஒரு பிள்ளை கணிதத்தில் முதலாம் தவணை 54 புள்ளியும் இரண்டாம் தவணை 47 புள்ளியும் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் ஏச்சு விழும். வகுப்பின் சராசரி முதலாம் தவணை 58 ஆகவும் இரண்டாம் தவணை 41 ஆகவும் இருந்தால் கதை தலைகீழாகிறது. முன்னர் சராசரிக்குக் கீழே நின்ற பிள்ளை, கடினமான வினாத்தாள் வந்தபோது சராசரியைத் தாண்டியிருக்கிறது. அது ஏச்சு வாங்க வேண்டிய பிள்ளை அல்ல. வகுப்புச் சராசரி எழுதப்படாத அறிக்கையிலும், எழுதப்பட்டும் பெற்றோர் கண்ணை ஓட்டாத அறிக்கையிலும் இந்தச் செய்தி புதைந்துபோய்விடும். ஒரு தவணை வலயக் கல்வி அலுவலகமோ மாகாணக் கல்வித் திணைக்களமோ அனுப்பிய வினாத்தாள், அடுத்த தவணை பாடசாலையே தயாரித்த வினாத்தாள் என்று மாறும்போது இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. உயர்தர வகுப்புகளின் (தரம் 12, 13) நிலைமை சற்று வேறு. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்ற கல்வி அமைப்பு தயாரிக்கும் வினாத்தாளை வடக்கின் பல பாடசாலைகளின் மாணவர்கள் ஒரே வேளையில் எழுதுவதால், அங்கே வரும் புள்ளிக்குப் பாடசாலை மதிலுக்கு வெளியேயும் ஓர் அர்த்தம் உண்டு.

நிலை எனப்படும் எண் இதைவிடவும் ஏமாற்றக்கூடியது. துணுக்காய், மடு வலயங்களின் உட்கிராமங்களில் வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு இயங்கும் சிறிய பாடசாலைகள் உள்ளன. அங்கே மூன்றாம் பிள்ளையாக வந்த ஒரு சிறுமி தரம் 6இல் நகரப் பாடசாலைக்கு மாறி, நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருபத்தைந்தாம் பிள்ளையாக வந்தால், அவள் படிப்பில் விழுந்துவிட்டாள் என்று வீடு முழுவதும் கவலைப்படுகிறது. அவளோ முன்னரைவிடக் கூடுதலாகக் கற்றிருக்கலாம். நிலை மற்றப் பிள்ளைகளைப் பற்றிய செய்தி. அதைக் கொண்டு சொந்தப் பிள்ளையை அளப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

"மேலும் முயற்சி தேவை", "திருப்திகரம்", "கவனம் போதாது" என்ற குறிப்புகள் அறிக்கையின் அடியில் உண்டு. நாற்பது அறிக்கைகளை இரண்டு நாளில் எழுதி முடிக்க வேண்டிய ஆசிரியரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லைத்தான். ஆனாலும் எதில் முயற்சி தேவை என்று சொல்லாத குறிப்பால் பெற்றோர் செய்யக்கூடியது, பிள்ளையிடம் அதே வார்த்தையைச் சற்று உரத்த குரலில் திரும்பச் சொல்வது மட்டுமே. 1988இல் ரூத் பட்லர் என்ற உளவியலாளர் இஸ்ரேலியப் பாடசாலை மாணவரிடையே செய்த ஆய்வு இங்கே பொருந்துகிறது. புள்ளி இல்லாமல் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். புள்ளியையும் குறிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. எண் பக்கத்தில் இருக்கும்போது கண் அதிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் வீடுகளிலும் நடப்பது அதுதான்.

ஆரம்பப் பிரிவில் இந்தக் குறையைத் தீர்க்கும் நோக்கோடு ஒரு வழி ஏற்கெனவே வந்திருக்கிறது. 1990களின் இறுதியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வரையறுத்து, பிள்ளையை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஆசிரியரைக் கேட்டது. எளிய வசனத்தைத் தானாக வாசிக்கிறதா, இரண்டு இலக்க எண்களைக் கூட்டுகிறதா என்பது போன்ற விடயங்கள் 62 புள்ளி என்ற எண்ணைவிடப் பெற்றோருக்கு எவ்வளவோ மேலானவை. கொள்கை அளவில் இது நல்ல வழி. ஆனால் தரம் 4 வந்ததும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் விழுந்துவிடுகிறது. 200 புள்ளிக்கு எத்தனை, இந்த முறை வெட்டுப்புள்ளி எவ்வளவாக இருக்கும் என்ற பேச்சுக்குள் தேர்ச்சிக் குறிப்பு காணாமல் போகிறது. அந்தக் குறிப்புகளின் மொழியும் பெற்றோருக்காக எழுதப்பட்டதல்ல. பாடத்திட்ட வாசகங்களை அப்படியே பெயர்த்து வைத்தால், இடப்பெயர்வினால் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு தாயால் அதை வாசித்து விளங்க முடியாது.

வட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும், பாடசாலை எப்போது விடும் என்பதற்கு அது நல்லது. ஒரு பிள்ளையின் படிப்பை எல்லாப் பெற்றோரும் பார்க்கும் இடத்தில் பேச முடியாது, பேசவும் கூடாது. தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகளின் வீட்டில் வட்ஸ்அப் வசதியுள்ள தொலைபேசியே பல வேளைகளில் இருப்பதில்லை.

வகுப்பாசிரியரோடு நேரில் பேசுவதுதான் சிறந்தது என்று பலரும் சொல்வார்கள். நானும் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் வன்னியில் அது நடக்கும் விதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டம் பாடசாலை நேரத்தில் வைக்கப்படுகிறது. கூலிக்குப் போகும் தாய் அன்றைய சம்பளத்தை விட்டுத்தான் வர வேண்டும். ஆசிரியர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் பேருந்தைப் பிடிக்க ஓடவேண்டியவர்களை மறித்துப் பேசப் பெற்றோருக்கும் மனம் வராது. கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் வருவதால், தைமாதம் பிள்ளையை அறிந்த ஆசிரியர் புரட்டாதியில் இருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. கூட்டத்திலும் பாதி நேரம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கிலும் விளையாட்டுப் போட்டிச் செலவிலும் போய்விடுகிறது. மிச்சத்தில் நடப்பது இப்படி ஓர் உரையாடல்தான்: "ரீச்சர், இவன் எப்பிடிப் படிக்கிறான்?" "பரவாயில்லை அம்மா, கொஞ்சம் விளையாட்டுப் புத்தி." தாய் தலையாட்டிவிட்டு எழும்புகிறாள். இருவருமே நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள், ஆனால் பேச ஒரு பொருள் அவர்கள் நடுவில் இருக்கவில்லை.

அந்தப் பொருள் பிள்ளையின் கொப்பி. ஆண்டு முழுவதும் வீட்டுக்கும் பாடசாலைக்கும் போய்வருகிற, யாரும் புதிதாக எழுதித் தர வேண்டிய தேவை இல்லாத அறிக்கை அது. ஒரு கணிதக் கொப்பியைத் திறந்து பார்க்கலாம். 612ஐ 6ஆல் வகுக்கச் சொன்ன இடத்தில் விடை 12 என்றிருக்கிறது. 824ஐ 8ஆல் வகுக்கச் சொன்ன இடத்தில் 13. இரண்டுக்கும் சிவப்புப் பிழை போடப்பட்டிருக்கிறது. றிப்போட்டில் இது குறைந்த புள்ளியாகவும் "மேலும் முயற்சி தேவை" என்றும் வரும். கொப்பியிலோ பிழை எங்கே என்று தெளிவாகத் தெரிகிறது: பிள்ளைக்கு வகுத்தல் தெரியும், இடையில் வகுபடாத இலக்கம் வரும்போது பூச்சியம் போட வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. விடைகள் 102, 103 என்று வந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற தாய்கூட, 12ஐ 6ஆல் பெருக்கினால் 72தானே வருகிறது, 612 எங்கே என்று பிள்ளையிடம் கேட்க முடியும். ஒரு மாலைப் பொழுதில் தீரக்கூடிய பிழை இது. தீராமல் விட்டால் தசமத்திலும் சதவீதத்திலும் கூடவே வந்து, தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் 35 புள்ளி எடுத்து சித்தி பெறுவதையே பெரும்பாடாக்கிவிடும்.

கொப்பி முன்னேற்றத்தையும் நேரடியாகவே காட்டுகிறது. மாசி மாதத்துக் கட்டுரையையும் ஆடி மாதத்துக் கட்டுரையையும் விரித்து வைத்தால், நான்கு வசனம் பதினொன்றாக வளர்ந்திருப்பதை, ஒற்றுப்பிழை குறைந்திருப்பதை, அல்லது ஒன்றுமே மாறாமல் இருப்பதைக் கண்ணால் காணலாம். பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்கள் மட்டும் அழகாகவும், பிள்ளை தானாக எழுத வேண்டிய பக்கங்கள் வெறுமையாகவும் இருந்தால் அதுவும் ஒரு செய்தி. குறைகளும் உண்டு. திருத்தப்படாத கொப்பியும், விடையை மட்டும் பார்த்தெழுதிய கொப்பியும் பெற்றோரை ஏமாற்றும். எழுத வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குக் கொப்பி தானாகப் பேசாது. யாராவது கூட இருந்து காட்ட வேண்டும். அதனால்தான் நேர்ப்பேச்சையும் கொப்பியையும் போட்டி வழிகளாக நான் வைக்க விரும்பவில்லை. கொப்பி இல்லாத நேர்ப்பேச்சு பொதுவார்த்தையோடு முடிகிறது. கொப்பியை நடுவில் வைத்தால், எது விளங்கவில்லை, அதை வீட்டில் எப்படிச் செய்து பார்ப்பது என்று ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம்.

தரம் 10, 11இல் இந்த வரிசையைச் சற்று மாற்றுவேன். அங்கே A என்றால் 75, B என்றால் 65, C என்றால் 50, S என்றால் 35 என்ற சாதாரண தரப் பரீட்சையின் எல்லைகள் பிள்ளையின் அடுத்த படியைத் தீர்மானிக்கின்றன. புள்ளி அறிக்கையை அந்த எல்லைகளோடு ஒப்பிட்டு வாசிப்பது அவசியம். தரம் 9 வரை கொப்பிக்கும் நேர்ப்பேச்சுக்கும்தான் என் வாக்கு.

பாடசாலைகளிடம் கேட்க வேண்டியவை செலவில்லாதவை. அறிக்கையில் நிலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்புச் சராசரியைக் கட்டாயம் எழுதலாம். பொதுக் குறிப்புக்குப் பதிலாகத் தமிழுக்கும் கணிதத்துக்கும் மட்டுமாவது "வகுத்தலில் பூச்சியம் விடுகிறார்" என்பது போல ஒரு குறிப்பான வரி போதும். மூன்றாம் தவணை அறிக்கை வரும்போது வகுப்பே முடிந்துவிடுவதால், பெற்றோர் சந்திப்பை முதலாம் தவணைப் பரீட்சைக்கு முன்னரே, காலபோக நெல் அறுவடை ஓய்ந்த பங்குனி மாதத்தில், ஒரு நாளில் எல்லோரையும் கூட்டாமல் நாளுக்கு ஐந்தாறு பெற்றோர் என்று காலை ஏழரைக்கு முன்னரோ இடைவேளையிலோ வைக்கலாம். அந்த நாளில் வரும் தாயோ அம்மம்மாவோ கொண்டுவர வேண்டியது பிள்ளையின் கணிதக் கொப்பியும் தமிழ்க் கொப்பியும் மட்டுமே.